முதல் கட்டத்தில் யார் பெயர்?

"படம் எங்க இருக்குது?"

மியூசிக்பீ என்ற பாட்டு மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கைப் படித்து முடித்து முதல் திரையைக் காட்டியதும் வீட்டுப் பெரியவர் கேட்டது இதைத்தான். இடப்பக்கம் நூலகத்தின் பிரிவுகள், நடுவே அட்டைப் படங்கள், வலப்பக்கம் அடுத்து ஓடவிருக்கும் பாட்டுகள், அடியில் பாட்டை நிறுத்தவும் தள்ளவும் பொத்தான்கள். எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காகவே இருந்தன. அவர் கண் தேடியதோ படத்தின் பெயரை. திரையில் 'ஆர்ட்டிஸ்ட்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே எஸ்.ஜானகி ஒரு வரியில், எஸ்.பி.பாலசுப்ரமணியமும் எஸ்.ஜானகியும் சேர்ந்து இன்னொரு வரியில், அதே இருவரும் முன்பின்னாக மூன்றாவது வரியில், பாட்டை எங்கிருந்து இறக்கினார்களோ அந்த இணையதளத்தின் முகவரி நான்காவது வரியில்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது மத்தூர். வடைக்குப் பேர்போன மத்தூர் கர்நாடகத்தில், மண்டியா மாவட்டத்தில் இருப்பது. இது போச்சம்பள்ளி வட்டத்து மத்தூர். எண்பதுகளின் நடுவிலிருந்து எம்பி3 சிடிக்கள் வந்து தொழிலை முடித்து வைக்கும் வரை பெரியவர் இங்கே ஒரு ரெக்கார்டிங் சென்டர் நடத்தினார். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மறு ஞாயிறு வந்து, பதிந்து வைத்திருக்கும் கேசட்டை வாங்கிக்கொள்வார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. தொண்ணூறு என்றால் பக்கத்துக்குப் பத்து.

எச்எம்வி, எக்கோ, இன்ரெகோ தட்டுகள் அலமாரியில் இருந்தன. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று சொல்வதற்கு நீள நோட்டு ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது, முனை மழுங்கி, பைண்டு விட்டுப்போய். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் படத்தின் பெயர். அதற்கு வலப்புறம் 'இசை' என்று எழுதிப் பெயர். கீழே பாட்டுகளின் முதல் அடிகள், ஒவ்வொன்றுக்கும் நேரே பாடியவர்கள். தெரிந்த இடங்களில் பாடலாசிரியர். மூலையில் தட்டின் எண். வாடிக்கையாளர் வாயைத் திறந்தால் முதலில் வரும் சொல் படத்தின் பெயர்தான். நோட்டும் அந்த வழியிலேயே திறந்தது.

மியூசிக்பீயை இந்த வீட்டில் ஆறு வாரம் ஓட்டிப் பார்த்த அனுபவம் முழுவதும் அந்த முதல் கேள்விக்கு விடை தேடியதுதான்.

மென்பொருளைப் பற்றித் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டீவன் மேயல் என்பவர் உருவாக்கி, ஆண்டுக்கணக்காகப் பராமரித்துவருவது. விண்டோஸில் மட்டும் ஓடும். காசு இல்லை, விளம்பரம் இல்லை. பென் டிரைவில் வைத்தே ஓட்டக்கூடிய ஒரு பதிப்பும் உண்டு. நிறுவியதும் மெனுக்கள் ஆங்கிலத்தில் இருக்கும். எம்பி3, ஃப்ளாக் எல்லாம் வாசிக்கும், கைப்பேசிக்குப் பாட்டை அனுப்பும், இணைய வானொலியும் உண்டு. பழைய மேசைக் கணினியிலும் இழுக்காமல் ஓடுகிறது. ஒலித்தரம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத ஆளிருக்கிறது. அதை அவர்களுக்கே விட்டுவிடலாம். இங்கே பேச வேண்டியது திரையைப் பற்றி. ஆயிரக்கணக்கான பாட்டுகள் உள்ள வீட்டில் வேண்டிய ஒரு பாட்டிடம் போய்ச்சேரும் வழியைப் பற்றி.

'ஆர்ட்டிஸ்ட்' என்ற தலைப்பு எப்படி முதலிடத்துக்கு வந்தது? அதற்கு 1996 வரை பின்னால் போக வேண்டும். எம்பி3 கோப்புக்குள் பாட்டின் பெயரை எழுதி வைக்க அப்போது வழியில்லை. எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட் இடம் ஒதுக்கி ஒரு சீட்டு ஒட்டினார். அதுதான் ஐடி3. முதல் மூன்று பைட் அடையாளத்துக்கு. பிறகு பாட்டின் பெயருக்கு 30, ஆர்ட்டிஸ்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, கடைசி ஒரு பைட் இசை வகைக்கு. அவ்வளவுதான் இடம். இசையமைப்பாளர் என்ற சொல்லே அதில் கிடையாது. சினிமாப் பாட்டு முழுவதற்கும் 'சவுண்ட்டிராக்' என்று ஒரு வகை எண் கொடுத்திருந்தார்கள், 24. தமிழை ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் போகிறது. 'இளையராஜா' என்ற பெயருக்கே 24 பைட் வேண்டும். 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' அந்த முப்பதுக்குள் நுழையவே முடியாது.

1998இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. ஆனால் அதற்குள் திரைகள் பழகிவிட்டன. 2001 ஜனவரியில் ஐடியூன்ஸ் வந்தபோது அதன் தேடுதிரையில் ஆர்ட்டிஸ்ட் ஒரு கட்டம், ஆல்பம் ஒரு கட்டம். ஒன்றைத் தொட்டால் மற்றது சுருங்கும். ஆர்ட்டிஸ்ட், அவர் வெளியிட்ட ஆல்பம், அதில் உள்ள பாட்டு என்ற அந்த வரிசை பீட்டில்ஸ் கேட்கிறவருக்குச் சரியாகப் பொருந்தும். பின்னால் வந்த நூலக மென்பொருள்கள் பெரும்பாலும் அதே வழியில்தான் நடந்தன.

தமிழ்க் காது பழகிய வரிசை வேறு. அந்த வரிசையை நமக்கு வானொலி கற்றுக்கொடுத்தது. 1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகியது. நேயர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் இலங்கையின் செல்வாக்கு குறையவில்லை. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று அங்கிருந்து வந்த குரல்கள், பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ படம் இது, பாடியவர்கள் இவர்கள், பாடலை இயற்றியவர் இவர், இசை இவர் என்று சொல்லிச் சொல்லி நான்கு பெயர்களை ஒரு பாட்டோடு கட்டிவிட்டன. ஒரு பாட்டை அடையாளம் காண இந்த நான்கும் வேண்டும் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாடமாகிவிட்டது. பெரியவரின் நோட்டில் இருக்கும் கட்டமைப்பு அப்படியே அந்த அறிவிப்புதான்.

இந்த நான்கில் 'ஆர்ட்டிஸ்ட்' யார்? பாடியவரா, இசையமைத்தவரா? கோப்புகளைத் தயாரித்தவர்கள் ஆளுக்கொரு பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே படத்தின் ஆறு பாட்டில் மூன்றுக்கு இசையமைப்பாளர் பெயர், இரண்டுக்குப் பாடகர் பெயர், ஒன்றுக்குக் கதாநாயகன் பெயர்கூட இருந்தது. இப்படிப்பட்ட குவியலின் மேல் எந்த மென்பொருளை உட்கார வைத்தாலும் ஆர்ட்டிஸ்ட் என்ற கதவின் பின்னால் சந்தைக் கூட்டம்தான் நிற்கும்.

மியூசிக்பீயின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கதவின் பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு பலகை மாட்டலாம்.

பாட்டுப் பட்டியலுக்கு மேலே கட்டம் கட்டமாக ஒரு தேடுபகுதியை வரவழைக்க முடிகிறது. மென்பொருள் அதை 'காலம் பிரவுசர்' என்கிறது. இந்த வீட்டில் அதன் பெயர் 'மேல்கட்டம்'. முதலில் வகை, ஆர்ட்டிஸ்ட், ஆல்பம் என்ற வழக்கமான வரிசைதான். தலைப்பின் மேல் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, எந்தக் கட்டத்தில் எந்தத் தகவல் வேண்டும் என்று மாற்றினால் அந்தக் கணமே திரை வேறாகிவிடுகிறது. மூன்றாம் நாள் மாலை, பெரியவரின் மகன் ஷிப்ட் முடிந்து போச்சம்பள்ளி சிப்காட்டிலிருந்து வந்து உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். முதல் கட்டம் இசை. இரண்டாவது படம். மூன்றாவது பாடியவர். பெரியவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் கட்டத்தில் கே.வி.மகாதேவனைத் தொட்டார். இரண்டாவது கட்டத்தில் இருந்த நூற்றுக்கணக்கான படங்கள் ஒரு கைப்பிடியாகச் சுருங்கின. அதில் 'கந்தன் கருணை' இருந்தது, இசையமைப்புக்கான தேசிய விருது தொடங்கிய 1967இல் முதல் விருதை அவருக்கு வாங்கித் தந்த படம். அதைத் தொடவில்லை. மூன்றாவது கட்டத்துக்குப் போய் பி.சுசீலாவைத் தொட்டார். கீழே, கே.வி.மகாதேவன் இசையில் பி.சுசீலா பாடியவை மட்டும் வரிசையாக நின்றன.

"நோட்டுல இது வராதுப்பா" என்றார்.

உண்மைதான். நோட்டு படத்தின் பெயரில் மட்டும் திறக்கும். ஒரு பாடகி ஓர் இசையமைப்பாளரிடம் பாடியதையெல்லாம் எடுக்க வேண்டுமென்றால் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்ட வேண்டும். கடை நடந்த காலத்தில் அப்படிக் கேட்டு வந்தவர்கள் உண்டு. வேலை இல்லாத நாளில் புரட்டி எழுதிக் கொடுத்ததும் உண்டு. இங்கே இரண்டு சொடுக்கு. கட்டங்களின் அருமை அவற்றின் எண்ணிக்கையில் இல்லை. எந்தக் கட்டத்திலிருந்தும் தொடங்கலாம் என்பதில் இருக்கிறது. பாடியவரிலிருந்து தொடங்கிப் படத்துக்குப் போகலாம், படத்திலிருந்து தொடங்கிப் பாடலாசிரியருக்குப் போகலாம்.

இணைந்து செய்தவர்களுக்கும் இடம் உண்டு. பெயர்களுக்கு நடுவே அரைப்புள்ளி இட்டால் மியூசிக்பீ அவற்றைத் தனித்தனி ஆட்களாக எடுத்துக்கொள்கிறது. 1986இல் வந்த 'மெல்லத் திறந்தது கதவு' எம்.எஸ்.விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த படம். இரண்டு பெயரையும் அரைப்புள்ளி இட்டு எழுதியதும் விஸ்வநாதனைத் தொட்டாலும் அந்தப் படம் வருகிறது, இளையராஜாவைத் தொட்டாலும் வருகிறது. ஜோடிப் பாட்டுகளுக்கும் இதே மருந்துதான். முதல் நாள் திரையில் மூன்று வரிகளாகக் கிடந்த எஸ்.பி.பி. - ஜானகி ஜோடி, பெயர்களைப் பிரித்து எழுதியதும் ஆளுக்கொரு வரிக்குத் திரும்பியது. விஸ்வநாதன் - ராமமூர்த்தியைப் பிரிப்பதா சேர்ப்பதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. இரட்டையராக இருந்த காலம் முடிந்து 1965க்குப் பிறகு இருவரும் தனித்தனியே இசையமைத்தார்கள். இணைந்து செய்ததைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது பெரியவரின் கட்சி. அதனால் அந்த ஒரு ஜோடி மட்டும் ஒரே பெயராக, ஒரே வரியில் நிற்கிறது.

அடுத்த மூன்று வாரத்தைத் தின்றது எழுத்துக்கூட்டல்.

முதல் கட்டத்தில் இசையமைப்பாளர்கள் வந்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. இளையராஜா ஏழு பேர். ஆங்கிலத்தில் நடுவே 'ஐ' எழுத்து உள்ளவர், இல்லாதவர், கடைசியில் ஒற்றை 'ஏ' உள்ளவர், இரட்டை 'ஏ' உள்ளவர், இரண்டு சொல்லாகப் பிரிந்தவர், 'இசைஞானி' என்ற பட்டத்தோடு ஒருவர், தமிழ் எழுத்தில் ஒருவர். பி.பி.ஸ்ரீனிவாஸ் முதலெழுத்துகளுக்குப் புள்ளி வைத்தும் வைக்காமலும் இடைவெளி விட்டும் விடாமலும் நான்கு பேர். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தமிழில் எழுதப்பட்டுப் பின்னால் ஒருங்குறி வந்ததும் கந்தலாகிப்போன பெயர்களும் இருந்தன. பார்த்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கும், படிக்க முடியாது.

இதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அது எழுதியிருப்பதைத்தான் காட்டுகிறது. சொல்லப்போனால் அட்டைப் படங்களை மட்டும் காட்டும் அழகான திரைகளில் இந்தக் குப்பை மறைந்தே கிடக்கும். மேல்கட்டம் அதை வெளியே இழுத்துப் போடுகிறது. இழுத்துப் போட்ட கையோடு கூட்டவும் வழி கொடுக்கிறது. ஏழு இளையராஜாக்களில் ஒருவரைத் தொட்டு, கீழே வந்த பாட்டுகளை எல்லாம் ஒன்றாகத் தேர்ந்து, திருத்தும் பெட்டியைத் திறந்து, இசையமைப்பாளர் இடத்தில் ஒரே முறை சரியான பெயரை எழுதிச் சேமித்தால், அந்த வரி கட்டத்திலிருந்து மறைந்து சரியான இளையராஜாவோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. ஏழு ஆறாகி, ஐந்தாகி, ஒன்றாவதைப் பார்ப்பதில் இருக்கிற நிறைவு நெல் தூற்றிப் பதர் போவதைப் பார்ப்பது மாதிரி. மருமகள் இரவுச் சாப்பாடு முடிந்து தினம் ஒரு மணி நேரம் இதற்கென்று உட்கார்ந்தார். தமிழ்99 விசைப்பலகையில் அவருக்குக் கை ஓடும்.

மருமகள் ஆனேக்கல் பக்கம். கன்னடப் பாட்டு கேட்டு வளர்ந்தவர். எல்லையோரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஓசூரிலும் சூளகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும், ஒரே வீட்டிலும் கேட்கும். ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலும் மூன்று மொழி. படத்தின் பெயரை எந்த எழுத்தில் வைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சு நடந்தது. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடலாம் என்றார் மகன். மருமகள் விடவில்லை.

"மாமா, படத்துப் பேரு அந்தந்த எழுத்துலயே இருக்கட்டும். ஆளுங்க பேரை மட்டும் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வச்சுக்கலாம்."

பெரியவர் ஒத்துக்கொண்டார். அந்த முடிவு எவ்வளவு சரியானது என்பது அடுத்த வாரம் தெரிந்தது. முதல் கட்டத்தில் இளையராஜாவைத் தொட்டால் இரண்டாவது கட்டத்தில் தமிழில் 'மௌன ராகம்' இருந்தது. அதற்குக் கீழே தெலுங்கு எழுத்தில் 'சாகர சங்கமம்', கன்னட எழுத்தில் சங்கர் நாகின் 'கீதா', மணிரத்னம் முதன்முதலில் இயக்கிய 'பல்லவி அனுபல்லவி'. நான்கும் ஒரே மனிதரின் இசை. வீட்டில் இரண்டு அலமாரியாகக் கிடந்தவை ஒரே கட்டத்தில் வந்து உட்கார்ந்தன. பாடியவர் கட்டத்தில் பி.பி.ஸ்ரீனிவாஸைத் தொட்டபோது இன்னும் வியப்பு. பெரியவருக்கு அவர் ஜெமினி கணேசனின் குரல், மருமகளுக்கு ராஜ்குமாரின் குரல். தன் குரல் என்று இருவரும் நினைத்திருந்தது ஒரே குரல் என்பது தெரியாத செய்தியல்ல. ஆனால் ஒரே பட்டியலில் மாற்றி மாற்றி வருவதை இந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. அன்றிரவு அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக ஓடவிட்டார்கள்.

எழுத்து வரிசையில் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். இது எந்த ஒரு மென்பொருளின் பிழையும் இல்லை; ஒருங்குறி அட்டவணையில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்களிலிருந்து வருவது. அந்த அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற'. நம் நெடுங்கணக்கில் 'ற'வும் 'ன'வும் கடைசியில் நிற்பவை. புள்ளியின் கதை இன்னும் மோசம். அகராதியில் 'க்' முதலில் வரும், 'க' பிறகு. அட்டவணையில் புள்ளிக்குக் கொடுத்த எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். ஆகவே வெறும் எண் வரிசையை நம்பினால் 1979இல் வந்த 'பகலில் ஒரு இரவு' முன்னால் போய் நிற்கும், 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'பக்த நந்தனார்' பின்னால் வரும். அகராதியைப் புரட்டிப் பழகிய கைக்கு இது நெருடும். தமிழ் எழுத்தைக் காட்டுவதற்குக் கணினி உலகம் எடுத்துக்கொண்ட அக்கறையில் கால்வாசியையாவது வரிசைப்படுத்துவதற்கும் எடுத்துக்கொண்டிருக்கலாம். நூலகம் என்பதே வரிசைதானே.

மியூசிக்பீயில் இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. திருத்தும் பெட்டியில், காட்டுவதற்கு ஒரு பெயரும் வரிசைப்படுத்துவதற்கு ஒரு பெயருமாக எழுதிக்கொள்ளலாம். கட்டத்தில் தெரிவது அழகான தமிழ்ப் பெயர். உள்ளே வரிசைக்கு வேறு சீட்டு. நூற்றுக்கணக்கான படங்களுக்கு இதை உட்கார்ந்து எழுத யாருக்கும் பொறுமை வராது. உண்மையில் இடறுகிற இருபது முப்பது பெயர்களுக்கு மட்டும் எழுதினால் போதும். இந்த வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரே பெயரில் வந்த படங்கள் இன்னொரு முட்டுக்கட்டை. 1965 'ஆயிரத்தில் ஒருவ'னுக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி, 2010 'ஆயிரத்தில் ஒருவ'னுக்கு ஜி.வி.பிரகாஷ்குமார். 1980 'பில்லா'வுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன், 2007 'பில்லா'வுக்கு யுவன் சங்கர் ராஜா. 'விக்ரம்' என்றால் 1986இல் இளையராஜா, 2022இல் அனிருத். 'பொல்லாதவன்', 'தங்கமகன்', 'மாப்பிள்ளை', 'படிக்காதவன்' என்று பட்டியல் நீளும். பழைய பெயரை எடுத்துப் புதிய படத்துக்கு வைப்பது நம் சினிமாவின் வழக்கம். எம்.ஜி.ஆர். அட்டையின் கீழே செல்வராகவன் படத்துப் பாட்டு வந்து நின்றபோது பெரியவர் முகம் சுளித்தார். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று இன்னோர் இடம் இருக்கிறது, அதில் இசையமைப்பாளர் பெயரை எழுதினால் இரண்டு படமும் இரண்டு அட்டையாகப் பிரிந்துவிடுகின்றன. பெயர் 'ஆர்ட்டிஸ்ட்' என்றாலும் தமிழ்ப் படப் பாட்டில் அந்த இடத்துக்கு உரியவர் இசையமைப்பாளர்தான். சேகரிப்பைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த ஒன்றை முதல் நாளே செய்துவிட்டால் பாதித் தலைவலி வராது.

இசையமைப்பாளரை முன்னால் நிறுத்த வேண்டிய தேவை நமக்கு மட்டும் உள்ளது என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கத்திய செவ்வியல் கேட்கிறவர்களும் காலங்காலமாக இதே புகாரைத்தான் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்கு பீத்தோவன் முதலில் வர வேண்டும். நடத்துநரும் வாத்தியக் குழுவும் பிறகு. இதே வேலையைச் செய்யும் மீடியாமங்கி மென்பொருளில் செவ்வியலுக்கென்று ஒரு தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் 2021இல் ப்ரைம்ஃபோனிக் என்ற செவ்வியல் சேவையை வாங்கி, 2023 மார்ச்சில் செவ்வியலுக்கு மட்டும் தனிச் செயலி வெளியிட்டது. ஆர்ட்டிஸ்ட் - ஆல்பம் என்ற சட்டத்துக்குள் அந்த இசை அடங்காது என்று உலகின் பெரிய நிறுவனம் ஒன்று ஒத்துக்கொண்டதற்கு அது சாட்சி. தமிழ்த் திரையிசைக்கு முதல் பேசும்படமான 1931 'காளிதாஸ்' தொடங்கித் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதற்கென்று யாரும் தனிச் செயலி கட்டித் தரவில்லை. மாதச் சந்தா வாங்கும் ஒரு பாட்டுச் செயலியில் பெரியவர் எத்தனை முறை தேடினாலும் பாடலாசிரியர் பெயரைத் தொட்டு அவருடைய மற்றப் பாட்டுகளுக்குப் போக முடியவில்லை. சில பாட்டுகளுக்குப் பெயரே இல்லை. வாலியும் கண்ணதாசனும் பட்டுக்கோட்டையாரும் இல்லாமல் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு நூலகம் என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது?

மியூசிக்பீயில் பாடலாசிரியருக்கு இடம் இருக்கிறது. ஆனால் அதை யாராவது எழுத வேண்டும். இறக்கிய கோப்புகளில் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. இங்கேதான் நோட்டு மறுபடி மேசைக்கு வந்தது. பெரியவர் நோட்டைப் பார்த்துச் சொல்ல, மருமகள் தட்டச்சு செய்ய, நான்காவது கட்டமாகப் பாடலாசிரியர் வந்து சேர்ந்தார். இப்போது திரையின் மேற்பகுதியில் இசை, படம், பாடியவர், எழுதியவர் என்று நான்கு கட்டம். வானொலி அறிவிப்பாளர் சொன்ன நான்கு பெயர்கள் அப்படியே வரிசையாக.

குறையென்று பார்த்தால், நான்கு கட்டம் வைத்த பிறகு சிறிய திரையில் இடம் போதவில்லை. பாட்டுப் பட்டியலுக்கு அரைத் திரைதான் மிஞ்சுகிறது. நடுக் கோட்டைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம், வலப்பக்கத்தில் ஓடும் பட்டியலை மறைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் அகலம் கிடைக்கும். விருப்பத் தேர்வுகளின் பக்கங்களோ ஒரு காடு. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் முதல் வாரம் வழி தெரியாமல் சுற்ற வேண்டியிருக்கும். திரைக்கு ஆளுக்கொரு தோற்றம் கொடுக்கும் வசதியை முதல் வாரத்தில் தொடாமல் இருப்பது நல்லது. தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பொத்தான் எங்கே என்று கை பழகாது. லினக்ஸுக்கும் மேக்குக்கும் பதிப்பு இல்லை என்பது நிஜமான இழப்பு. பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் லினக்ஸ் போட்டுவைத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் இருக்கின்றன.

யாருக்கு இது வேண்டாம்? கைப்பேசியில் அன்றன்றைக்குப் பிடித்ததைக் கேட்டுவிட்டுப் போகிறவருக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. யாருக்கு வேண்டும்? அப்பா சேர்த்த சிடிக்கள் பெட்டியில் கிடப்பவர், தட்டுகளிலிருந்தும் கேசட்டுகளிலிருந்தும் கணினிக்கு மாற்றி வைத்திருப்பவர், ஒரே பாட்டை மூன்று மொழியில் கேட்கும் எல்லையோர வீட்டுக்காரர். ஒரு மாதம், தினம் ஒரு மணி நேரம் கொடுக்கத் தயாராக இருந்தால் தாராளமாக இறங்கலாம்.

ஆறாவது வாரம் மகன் இன்னொன்று செய்து கொடுத்தார். தகவலுக்கான இடங்களில் நாமே புதிதாகப் பெயரிட்டுச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதில் 'நோட்டுப் பக்கம்' என்று ஓர் இடம் திறந்தார். ஒவ்வொரு படத்துக்கும் நீள நோட்டில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த எண். மேல்கட்டத்தில் அதையும் ஒரு கட்டமாக வைத்துக்கொண்டு பெரியவர் எண்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். 61, 62, அடுத்து 64.

நோட்டில் 63ஆம் பக்கத்தைத் திறந்தார். நீல மையில் படத்தின் பெயர், ஐந்து பாட்டு, மூலையில் ஒரு தட்டு எண். ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் படம் இல்லை. தட்டும் கைமாறிப் போய்விட்டது. கடை மூடும்போது எஞ்சிய கேசட்டுகளைப் பரணில் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்தது நினைவுக்கு வந்து, ஏணி வைக்கச் சொல்லி மகனைக் கூப்பிட்டார்.